பழைய லாண்ட் றோவரில் பி.ரி.ஓ.: யாழ்ப்பாணத்தில் அதற்கு என்ன வேலை?

பழைய லாண்ட் றோவர் ஒன்றின் பின்னால் குனிந்து பார்த்தால், அடிச்சட்டத்தின் கடைசிக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் பெரிய வட்டத் துளை ஒன்றும் அதைச் சுற்றிப் போல்ற் துளைகளும் தெரியும். எஞ்சினின் வலுவைச் சில்லுகளுக்குக் கொடுக்காமல் வெளியே எடுத்துத் தரும் பி.ரி.ஓ. பெட்டியைப் பூட்டுவதற்காகத் தொழிற்சாலையிலேயே விடப்பட்ட இடம் அது. 1948 ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் கண்காட்சியில் இந்த வாகனம் முதன்முதலாகக் காட்டப்பட்ட காலத்திலிருந்தே, ஓடுவதற்கு மட்டுமன்றி, நின்ற இடத்தில் நின்று பிற இயந்திரங்களைச் சுழற்றுவதற்கும் ஏற்றதாகவே அதனை அமைத்தார்கள். முன் பின் சில்லுகளுக்கு இடைத்தூரம் 109 அங்குலமான எனது சீரிஸ் மூன்று டீசல் வண்டியில் அந்தத் துளை நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது. இப்போது அங்கே பெட்டி பூட்டப்பட்டு, மாரியிலும் கோடையிலும் அதனிடம் வேலை வாங்கியாயிற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடத்துக்கு இடம் சென்று, ஆழம் குறைந்த நிலைகளிலுள்ள பெருந்தொகை நீரை அகற்ற வேண்டியவருக்கு இது மிகச் சிறந்த சாதனம், தோட்டக் கிணறு ஒன்றில் நிரந்தரமாக நிறுத்தி இறைப்புக்குப் பயன்படுத்த நினைப்பவர் இதனை வாங்கவே கூடாது.

இந்தச் செற் மூன்று பகுதிகளைக் கொண்டது. பிரதான கியர்பெட்டியிலிருந்து வலுவை முன் பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இரண்டாவது கியர்பெட்டியின் பின்பக்க மூடி இருந்த இடத்தில் பூட்டப்படும் நடு அலகு, அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் தண்டு, வண்டியின் பின்புறம் பூட்டப்படும் கியர் பெட்டி என்பனவே அவை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான்களுக்குள் தேடினால் இவை இடைக்கிடை அகப்படும். மூன்றும் ஒரே வண்டியிலிருந்து கழற்றப்பட்டவையா என்பதையே முதலில் கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்த செற் 88 அங்குல வண்டிக்குரியது. ஆகையால் நடு அலகும் பின் பெட்டியும் அப்படியே பொருந்தின, தண்டு மட்டும் கட்டையாக இருந்தது. எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட உதவும் மேலதிகக் கியரான ஓவர்டிரைவ் பூட்டிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நடு அலகு பூட்டப்படும் அதே இடத்திலேதான் ஓவர்டிரைவும் பூட்டப்படுகின்றது என்பதால், இரண்டில் ஒன்றையே வைத்திருக்க முடியும்.

நடு அலகைப் பூட்டுவது பலரும் அஞ்சுகிற அளவுக்குக் கடினமான வேலையன்று. முன் ஆசனங்களுக்கு நடுவிலுள்ள பலகையைக் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கின்றது. கியர்பெட்டியை இறக்க வேண்டிய தேவையில்லை. கடினம் எல்லாம் தண்டிலேதான் இருக்கின்றது. முதலில் அதனை நீட்டித் தந்த கராஜில், குழாயை வெட்டி இடையில் ஒரு துண்டை வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். பார்வைக்கு நேராக இருந்த அந்தத் தண்டு, வேகம் ஏறியதும் வண்டியின் தளம் முழுவதையும் அதிரச் செய்தது. இரு முனைகளிலும் குரோஸ் பேரிங்கை (தண்டு சாய்ந்து சுழல இடங்கொடுக்கும் மூட்டை) பிடித்திருக்கும் கவைகள் ஒரே தளத்தில் அமையவில்லை என்பதும், ஒட்டிய இடத்தில் குழாய் சற்றே வளைந்திருந்தது என்பதும் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குரோஸ் பேரிங் உள்ள எந்தத் தண்டிலும் இரு கவைகளும் நேருக்கு நேராக இருந்தால் மட்டுமே ஒரு முனையில் உண்டாகும் வேக ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஈடுசெய்யும். இந்த அடிப்படை தெரியாமல் ஒரு கராஜ் இத்தகைய வேலையை ஏற்றுக்கொண்டது பொறுப்பற்ற செயல் என்றே நான் கருதுகிறேன். கொடுத்த பணமும் திரும்பக் கிடைக்கவில்லை.

பின்னர் காங்கேசன்துறை வீதியிலுள்ள சிறிய லேத் பட்டறை ஒன்று அந்த வேலையைப் புதிதாகவே செய்து தந்தது. ஒட்டிய குழாயை முற்றாக ஒதுக்கிவிட்டு, பொருத்தில்லாத ஒரே குழாயை அளவாக வெட்டி, கவைகளை லேத்தில் வைத்து அதன் முனைகளுக்குள் இறுக்கமாகப் பொருந்தும்படி கடைந்தார்கள். முழுதாக ஒட்டுவதற்கு முன் நான்கு புள்ளிகளில் மட்டும் ஒட்டி, தண்டை மெதுவாகச் சுழலவிட்டு, பட்டறையின் முதியவர் சோக்குக் கட்டி ஒன்றைக் குழாயின் அருகே அசையாமல் பிடித்தார். குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தப் பக்கமே வெளியே தள்ளி நிற்கிறது என்று காட்டி, செப்புச் சுத்தியலால் தட்டினார். கோடு குழாயைச் சுற்றி ஒரே சீராக விழும்வரை அவர் வெல்டிங் பிடியைத் தொடவில்லை. அன்று பூட்டிய தண்டு இன்றுவரை அதிர்வில்லாமல் சுழல்கின்றது. யாழ்ப்பாணத்தில் புதிய உதிரிப்பாகங்கள் கிடைக்காத நீண்ட காலத்தில், ஒஸ்ரின் ஏ நாற்பது கார்களையும் நீர் இறைக்கும் பம்புகளையும் ஓட வைத்தவை இத்தகைய பட்டறைகளே. அந்தக் கைத்திறன் இன்னும் எங்களிடையே உண்டு என்பதில் எனக்குப் பெருமை உண்டு; அதற்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பது நியாயம்.

வேலை வாங்கும் முறைக்கு வருவோம். கைபிரேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்து, இரண்டாவது கியர்பெட்டியின் தடியை நடுநிலையில் நிறுத்த வேண்டும். இவ்வண்டியின் கைபிரேக் அப்பெட்டியிலிருந்து பின்னால் வெளியேறும் தண்டில் இருப்பதால், பெட்டி நடுநிலையில் இருந்தாலும் அது சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் கிளச்சை மிதித்து, பி.ரி.ஓ. தடியைச் சேர்த்து, கியரைப் போட்டு, கிளச்சை மெதுவாக விட வேண்டும். நான்காம் கியரில் எஞ்சினும் பின் பெட்டிக்குச் செல்லும் பி.ரி.ஓ. தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். மூன்றாம் கியரில் எஞ்சின் 1.5 தடவை சுற்றும்போது தண்டு ஒரு தடவை சுற்றும். உழவு இயந்திரங்களின் பம்புகள் பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்றுகளுக்கென்று செய்யப்பட்டவை. ஆகவே பின் பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டின் வேகத்தைக் கருவி வைத்து அளந்து, அதற்குரிய எஞ்சின் வேகத்தைக் கைத்திறொட்டிலில் அடையாளமிட்டு வைப்பதே பாதுகாப்பானது. எஞ்சினின் சத்தத்தை மட்டும் நம்பி ஓட்டினால் பம்பின் சீல் நெடுநாள் தாங்காது.

டீசல் எஞ்சினின் அருமை இங்கேதான் தெரிகின்றது. அதன் எரிபொருள் பம்பிலேயே வேகக் கட்டுப்பாடு இருப்பதால், உறிஞ்சு குழாய் காற்றை இழுத்துப் பம்பின் சுமை திடீரெனக் குறைந்தாலும் எஞ்சின் வெறிகொண்டு ஓடாது. பெற்றோல் வண்டியில் தனியான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லையென்றால், ஒருவர் திறொட்டிலின் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இந்தச் சாதனத்தின் உண்மையான தகுதியை நான் கண்டது கோயில் கேணி ஒன்றை இறைத்தபோதே. தீர்த்தத் திருவிழாவுக்கு முன் கேணியை வற்றச் செய்து சேறு அள்ளுவது வழக்கம். இரண்டங்குல மண்ணெண்ணெய்ப் பம்புகளைப் பூட்டினால், ஊற்று ஒருபுறம் ஊற, பம்பு மறுபுறம் இறைக்க, வேலை இழுபட்டுக்கொண்டே போகும். நான்கங்குலப் பம்பை வண்டியின் பின்னால் பூட்டி, வடக்கு வீதியில் நிறுத்தி, மூன்றாம் கியரில் சீராக ஓடவிட்டபோது, படிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மாரியில் தாழ்ந்த வளவுகளிலும் அத்திவாரக் குழிகளிலும் நிற்கும் வெள்ளத்தை அகற்றுவதற்கும் இதே ஒழுங்கு போதும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழையை அனுபவித்த எவருக்கும், ஒழுங்கைக்குள் தானாகவே ஓடிவந்து நின்று இறைக்கக்கூடிய ஒரு பம்பின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

தோட்டக் கிணற்றுக்கு இதனை நான் மறுப்பதற்குக் காரணங்கள் உண்டு. தரையில் நிற்கும் எந்தப் பம்பும் நடைமுறையில் ஏறத்தாழ ஏழு மீற்றருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்ச முடியாது. எஞ்சின் எத்தனை குதிரைவலுவாக இருந்தாலும் இந்த எல்லை மாறாது. கோடையில் நீர்மட்டம் அதற்கும் கீழே போகும் கிணறுகள் எங்களிடம் இருக்கின்றன. அதைவிட முக்கியமான காரணம் உவர். எங்கள் குடாநாட்டில் நன்னீர், சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கணக்கின்படி நன்னீரின் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழேயுள்ள உவர்நீரின் எல்லை ஏறத்தாழ நாற்பது அடி மேலே எழ இடமுண்டு. நான்கங்குலப் பம்பின் குழாயைக் கிணற்றில் இறக்கிச் சிறிது நேரத்தில் வற்றச் செய்பவர், தன் வெங்காயத்தை மட்டுமன்றி அயலவரின் குடிநீரையும் பாழாக்கக்கூடும். வாடகைக்குக் கேட்டு வரும் கமக்காரர்களிடம் நான் இதனை ஒளிக்காமற் சொல்லி, சிறிய பம்பையே பரிந்துரைக்கிறேன். எரிபொருட் செலவிலும் அதுவே இலாபம். 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

குறைகளும் உண்டு. வண்டி ஓடாமல் நிற்பதால் றேடியேற்றருக்கு எதிர்க்காற்றுக் கிடைப்பதில்லை. ஆகவே வெப்ப முள்ளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சோளகம் வீசும் காலத்தில் வண்டியின் முகத்தைத் தென்மேற்கேயும், வாடை வீசும் காலத்தில் வடகிழக்கேயும் திருப்பி நிறுத்தி, பொனற்றைத் திறந்துவிட்டால், முள் கணிசமாக இறங்குவதைக் காணலாம். நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டியவர்கள் எஞ்சின் ஒயிலைக் குளிர்விக்கும் கருவி ஒன்றைப் பூட்டிக்கொள்வது நல்லது.

எனக்குக் கிடைத்த செற்றில் தண்டுக்கு மூடி இருக்கவில்லை, அதனை ஒரு சிறு குறையாக எண்ண முடியாது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது சுற்று. எங்கள் ஊரில் சாரத்தோடும் தோளில் துவாயோடும்தான் பெரும்பாலானோர் இறைப்பு வேலைக்கு வருகிறார்கள். சாரத்தின் நுனி தண்டின் போல்ற் தலையில் சிக்கினால் கையை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதே பட்டறையில் தகரத்தால் மூடி ஒன்றைச் செய்வித்து, அதனைப் பூட்டாமல் எஞ்சினை இயக்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். கோயிலடியில் சிறுவர்கள் வேடிக்கை பார்க்க வருவதால், வண்டியைச் சுற்றிக் கயிறும் கட்டுகிறோம்.

பராமரிப்பு இலகுவானது. பின் பெட்டிக்குத் தனியான ஒயில் உண்டு. தொண்ணூறாம் இலக்கக் கியர் ஒயிலே போதும். மட்டம் பார்க்கும் போல்ற்றைக் கழற்றிப் பார்த்து, ஒவ்வொரு மாரிக்கும் முன் மாற்றிவிட வேண்டும், ஏனெனில் நீருக்கு அருகில் நிற்கும் பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் ஒயில் பால் நிறமாகிவிடும். வாங்கும்போதே இரண்டு ஒயில் சீல்களையும் ஒரு சோடி குரோஸ் பேரிங்குகளையும் சேர்த்து வாங்கி வைத்தால், திருவிழாவுக்கு முதல் நாள் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருக்க நேராது.