கழுத்துக் கடிக்கு (அரிப்புக்கு) மொமெட்டாசோன் லோசன்: மூன்று வாரப் பாவனையின் பின்னர்

மாங்குளத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் மேட்டுக் காணியில் பார்த்தீனியம் என்ற களைப் பூண்டைப் பிடுங்கிய இரண்டாம் நாள், பின்கழுத்தும் மயிர் முளைக்கும் ஓரமும் முழங்கையின் உட்புறமும் சிவந்து தடித்துக் கடிக்கத் தொடங்கின. இரவில் நித்திரையிலேயே சொறிந்து, விடியும்போது தலையணை உறையில் நீர்க்கசிவின் மஞ்சள் கறை படிந்திருந்தது.

முதலில் சென்ற மருந்துக் கடையில், கழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஸ்டீரொயிட்டும் (சிவப்பையும் கடியையும் அடக்கும் மருந்து) பங்கசு எதிர்ப்பு மருந்தும் அன்ரிபயோட்டிக்கும் கலந்த ஒரு ரியூப்பைத் தந்தார்கள். அது எண்ணெய்ப் பசையாகத் தலைமயிரில் அப்பி, வயல் வரம்புப் புழுதியையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொண்டது. அதைவிடக் கவலையானது, என் மகன் அதே ரியூப்பைத் தொடையிலிருந்த படர்தாமரைக்குப் பூசியதுதான். கடி அடங்கியதால் குணமாகிறது என்றே நம்பினான். ஆனால் ஸ்டீரொயிட் சிவப்பையும் கடியையும் மறைத்து வைத்திருக்க, பங்கசு அடியில் பரவி, சில வாரங்களில் வளையம் இடுப்புவரை வந்துவிட்டது. நோய் இன்னதென்று பார்க்காமல் இவ்வகை மருந்தை விற்பதை நான் பெரிய குற்றமாகவே கருதுகிறேன்.

பின்னர் வவுனியாவில் தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்டினேன். பார்த்தீனியத்தில் உள்ள பார்த்தெனின் என்ற பொருளுக்கு உடல் ஒவ்வாமை காட்டுகிறது என்றும், காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்து பட்டாலே அது போதும் என்றும் விளக்கி, 0.1 வீத மொமெட்டாசோன் புரோயேற் லோசனை எழுதித் தந்தார். பூசும் ஸ்டீரொயிட்டுகளுள் வீரியமானவற்றுள் இதுவும் ஒன்று. பலரும் அறிந்த 1 வீத ஐதரோகோட்டிசோனை இதனோடு ஒப்பிட முடியாது.

இதன் பெரிய சிறப்பு அதன் நீர் போன்ற தன்மைதான். மனைவி சீப்பின் வாலால் மயிரை வகிர்ந்து பிடிக்க, போத்தலின் ஒடுங்கிய வாயால் நான்கைந்து துளிகளை நேரே தோலில் விட்டு மெதுவாகத் தேய்த்தால், சற்று நேரத்தில் பசையின்றி உலர்ந்துவிடுகிறது. நாள் முழுவதும் வியர்க்கும் நம் வெக்கைக்குக் கிறீமைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதில் அற்ககோல் இருப்பதால், நகம் பட்டு உரிந்த இடங்களில் முதல் இரண்டு நாளும் கண்ணில் நீர் வருமளவுக்கு எரிந்தது. அது தீப்பற்றக்கூடியது என்பதால், உலரும்வரை அடுப்படிப் பக்கம் போகவே கூடாது.

நாளுக்கு ஒரு முறை, இரவு குளித்த பின்னர் மட்டுமே பூசினேன். மூன்றாம் இரவு விடியும்வரை உறங்கினேன். பத்தாம் நாள் தடிப்பு வற்றித் தோல் சமமாயிற்று. அதன் பின்னர் வைத்தியர் சொன்னபடி ஒன்றுவிட்டொரு நாளாகக் குறைத்து, மூன்றாம் வார முடிவில் நிறுத்தினேன். வறட்சிக்கு வாசனையற்ற சாதாரணக் கிறீமை மட்டும் தொடர்கிறேன். இவ்வளவு விரைவாகக் கேட்கும் மருந்து என்பதாலேயே, கடிக்கும் போதெல்லாம் எடுத்துப் பூசும் ஆசை வருகிறது. நீண்ட காலம் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியத் தொடங்கும். முகம், அக்குள், கவட்டுப் பகுதிகளில் தோல் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சுவதால் அங்கே இதைத் தொடவே வேண்டாம் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். குழந்தைகளுக்கு வைத்தியர் சொல்லாமல் பூசவே கூடாது.

30 மில்லிலீற்றர்ப் போத்தலில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. அயலில் ஒரு அக்கா தன் பேரனின் தேமலுக்கு அதைக் கேட்டபோது, கொடுக்க மனமில்லாமல் அல்ல, மகனின் தொடையை நினைத்தே மறுத்து, பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும்படி சொன்னேன். இம்முறை மாரி மழையில் மண் இளகியிருக்கும்போதே, பூப்பதற்கு முன்னர், கையுறையும் நீளக்கைச் சட்டையும் அணிந்து அந்தப் பூண்டை வேரோடு பிடுங்கப் போகிறேன்.