பழைய பெட்டியா, எமுலேட்டரா, கறுப்புத் திரையா?

போன மாதம் புதுச்சேரி சண்டே மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். காந்தி வீதி ஓரத்தில் தார்ப்பாய் விரித்துக் கொட்டியிருந்த சார்ஜர், ரிமோட் குவியலுக்குள் ஒரு பழைய கீபோர்டு கண்ணில் பட்டது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கூட வந்த அக்கா மகன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, எனக்கும் இந்தக் கிறுக்கு பிடிச்சிருக்கு. எங்கேருந்து தொடங்கறது? நிஜமான பழைய கம்ப்யூட்டர் வாங்கணுமா, பழைய மெஷின் மாதிரி நடிக்கிற எமுலேட்டர் புரோகிராம் போதுமா, இல்ல உங்கள மாதிரி ஓட்டை லேப்டாப்ல லினக்ஸ் போட்டு, கமாண்ட் அடிக்கிற கறுப்புத் திரைக்கு முன்னாடி உட்காரணுமா?"

பேருந்து கடலூர் வந்து சேரும்வரை பேசியும் பதில் முடியவில்லை. மூன்றிலும் பணத்தையும் தூக்கத்தையும் விட்டவன் என்பதால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. நான் இப்போது மூன்றாவது கட்சி. ஆனால் அரசியலைத் தொடங்கியது முதல் கட்சியில்தான்.

பழைய பெட்டி

தொண்ணூறுகளில் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், கடிதம் அடிக்க வேர்ட்ஸ்டார், கணக்குக்கு லோட்டஸ் படித்தவன் நான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கர்ப்பகிரகம் மாதிரி ஏசி போட்ட அறை, ஒரு மெஷினுக்கு மூன்று பேர். அந்த ஏக்கத்தில்தான் பல வருடம் கழித்து, ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த, 486 சிப் வைத்த அசெம்பிள் பெட்டியை மானிட்டரோடு 1,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

அதை முதன்முதலாக ஆன் செய்த நிமிடத்தைக் குறை சொல்லவே முடியாது. சுவிட்ச் 'டக்' என்று விழும். மெமரியை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும். பிளாப்பி டிரைவ் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். மானிட்டர் மெதுவாகச் சூடாகி எழுத்து தெளியும். இந்தச் சத்தமும் சூடும் மற்ற இரண்டு வழிகளிலும் கிடைக்காது. இது வேண்டும் என்பவர்களுக்கு வேறு மாற்றே இல்லை.

பிரச்சினை அதற்கப்புறம். அந்தக் கால 486 போர்டுகள் பலவற்றில் பீப்பாய் வடிவத்தில் ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். தேதியையும் செட்டிங்கையும் நினைவில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. வயதானால் அது கசியும். கசிவது காரம், அக்கம்பக்கத்துச் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். நான் மூடியைத் திறந்தபோது பேட்டரியைச் சுற்றி மயில்துத்தம் பூத்த மாதிரி இருந்தது. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, காரத்தை முறிக்க வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, அப்புறம் ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும். இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது இரண்டு தடங்கள் போன பிறகு. மெல்லிய கம்பி வைத்து அவற்றை ஒட்டவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

இதில் கடலூருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. எங்கள் வீட்டிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை கூப்பிடு தூரம். வருடா வருடம் பெயிண்ட் அடித்தும் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் ஊரில், முப்பது வயது மதர்போர்டு என்ன பாடுபடும்? கார்டுகளின் விளிம்பில் பச்சை படரும். மாதம் ஒருமுறை கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டுவேன். பிளாப்பிகளில் பாதி பூஞ்சை பிடித்தவை. ஒன்றைப் படிக்க வைத்து டிரைவின் தலையையே அழுக்காக்கியதுதான் மிச்சம்.

ஹார்ட் டிஸ்க் செத்ததும் அதன் இடத்தில் கேமராவில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஒரு சின்ன அடாப்டரில் மாட்டினேன். அந்தக் கார்டுக்கு ஹார்ட் டிஸ்க் பேசும் ஐடிஇ பாஷை பிறவியிலேயே தெரியும், அதனால் பெட்டிக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஆன் செய்ததும் பெட்டியை எழுப்பும் பயாஸ் என்ற புரோகிராமின் அந்தக் காலத்துப் பதிப்புகள் பலவற்றுக்கு 504 எம்பிக்கு மேல் கண் தெரியாது. 4 ஜிபி கார்டு போட்டேன், எனக்குக் கிடைத்தது 504. டாஸுக்கு அதுவே கல்யாண மண்டபம். எங்கும் அலையாமல், டாஸ் மாதிரியே ஓடும் ஃப்ரீடாஸ் போட்டுக்கொண்டேன். 1994ல் தொடங்கிய அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது, இலவசம்.

இதைவிடப் பழையதாக, டிவியில் மாட்டும் 8 பிட் மெஷின்தான் வேண்டும் என்றால் நம் பக்கத்தில் தேடுவது கஷ்டம். 1984ல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பிபிசி மைக்ரோ என்ற அப்படியொரு மெஷின் வந்தது. எங்கேயாவது ஒரு பள்ளிக் கிடங்கில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பெட்டியின் விலையைத் தபாலும் சுங்கமும் தாண்டிவிடும்.

சரி, கணக்கு என்ன? 1,500க்கு வாங்கிய பெட்டிக்கு நான் இதுவரை செய்த செலவு ஐயாயிரத்தைத் தாண்டும். அதில் கம்ப்யூட்டரை ஓட்டிய நேரத்தைவிடச் சால்டரிங் அயர்னைப் பிடித்த நேரம் அதிகம். அதுவே பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய மானிட்டரின் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

எமுலேட்டர்

செலவு பூஜ்யம், இடம் பூஜ்யம், துரு பூஜ்யம். லினக்ஸில் ஒரு சாயங்காலத்துக்குள் டாஸுக்கு டாஸ்பாக்ஸ், கமடோர் 64க்கு வைஸ், ஸ்பெக்ட்ரத்துக்கு ஃப்யூஸ் எல்லாம் போட்டுவிடலாம். 1982ல் வந்த அந்த இரண்டு மெஷின்களும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் நிற்கும்.

எனக்கு இதில் ஒட்டாமல் போனது ஒரே காரணத்தால்: காத்திருப்பே கிடையாது. நிஜ ஸ்பெக்ட்ரத்தில் கேசட்டிலிருந்து ஒரு விளையாட்டு ஏற நாலைந்து நிமிடம் ஆகும், கடைசி நொடியில் சொதப்பவும் செய்யும். எமுலேட்டரில் ஒரு கிளிக். ஒரே இரவில் நாற்பது விளையாட்டைத் திறந்து பார்த்தேன், ஒன்றைக்கூட முடிக்கவில்லை. கல்யாணப் பந்தியில் எல்லாவற்றையும் இலையில் வாங்கிவிட்டு எதையும் சாப்பிடாமல் எழுந்த மாதிரி. பழைய மானிட்டர் மாதிரியே கோடும் மினுக்கலும் காட்டும் கூல் ரெட்ரோ டெர்மும் அப்படித்தான். ரீஃபைண்ட் எண்ணெயில் செக்கு வாசனை விட்டது போல, முதல் பத்து நிமிடம் ஜோர்.

ஆனால் சிம்எச் என்ற எமுலேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிடிபி-11 போன்ற அந்தக் காலத்துப் பெரிய மெஷின்களை அது நடித்துக் காட்டும். 2002ல், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் பழைய பதிப்புகளை இலவச உரிமத்தில் திறந்துவிட்டதால், 1979ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸை இன்று வீட்டில் ஓட்டலாம். நான் அதில் ஓர் இமெயில் முகவரியை அடித்தேன். அட் குறி விழுந்ததும் அதுவரை அடித்த வரி செல்லாமல் போனது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த யூனிக்ஸில் அட் குறி என்றால் 'இந்த வரியே வேண்டாம்', ஹாஷ் குறி என்றால் 'கடைசி எழுத்தை அடி'. காரணம், யூனிக்ஸ் வளர்ந்த காலத்தில் கம்ப்யூட்டரோடு பேசப் பயன்பட்ட டெலிடைப் என்ற தட்டச்சு மெஷினில் திரை கிடையாது, காகிதம்தான். காகிதத்தில் விழுந்ததை எப்படி அழிப்பது? அந்த மெஷின் நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். காப்பி என்பது சிபி, மூவ் என்பது எம்வி என்று சுருங்கியது ஏன் என்று எனக்கு உறைத்தது அந்த ராத்திரியில்தான்.

அடுத்து நடந்ததுதான் என்னைக் கட்சி மாற வைத்தது. சிம்எச் ஜன்னலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டை அடித்தேன், பட்டியல் வந்தது. பக்கத்தில் திறந்திருந்த டெபியன் லினக்ஸின் டெர்மினலிலும், அதாவது கமாண்ட் அடிக்கும் ஜன்னலிலும், அதையே அடித்தேன், அங்கேயும் வந்தது. ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை. மற்றது காலையில் நான் ஆபீஸ் கணக்குப் பார்த்த அதே டெர்மினல்.

ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் பற்றி நாலு வார்த்தை. நல்ல சாமான். 2020ல் வந்த பை 400 கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரை அடைத்திருப்பதால் எண்பதுகளின் சாயல்கூட உண்டு. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் தூசி குடித்துக்கொண்டிருக்கும்போது அதை வாங்க எனக்கு மனசு வரவில்லை.

கறுப்புத் திரை

தமிழ்நாட்டில் எத்தனை வீட்டு பீரோவின் மேல் 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் மெஷின் துணி சுற்றிக் கிடக்கிறது! எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான். சொந்தக்காரப் பெண் படித்து முடித்து, வேலைக்குப் போய், புது லேப்டாப் வாங்கிய பிறகு அநாதையானது. பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும்.

முதலில் நிறுவாமலே லினக்ஸ் ஓடும் ஒரு லைவ் பென்டிரைவில் ஏற்றி, பிராசசர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கமாண்டை அடித்துப் பார்க்க வேண்டும். 64 பிட் என்றால் கவலையில்லை. 32 பிட் மட்டும்தான் என்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 உதவாது, அதற்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டார்கள். டெபியன் 12 போடலாம். நிறுவும்போது டெஸ்க்டாப் வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, அடிப்படைக் கருவிகளை மட்டும் விட வேண்டும். ரீபூட் ஆனதும் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். வால்பேப்பர் இல்லை, அப்டேட் கேட்டு எட்டிப்பார்க்கும் பெட்டி இல்லை.

வேர்ட்ஸ்டார் தலைமுறைக்கு இங்கே ஒரு பரிசு காத்திருக்கிறது. ஜோ என்ற எடிட்டரைப் போட்டால் கூடவே ஜேஸ்டார் வரும். வேர்ட்ஸ்டாரின் அதே விசைகள். சேமிக்கக் கண்ட்ரோலோடு கே, அப்புறம் டி. இருபத்தைந்து வருடம் கழித்தும் என் இடது கை அதை மறக்கவில்லை. டாஸில் கோப்புகளைக் கையாண்ட நார்ட்டன் கமாண்டரின் நீலப் பலகைகளை மிட்நைட் கமாண்டர் அப்படியே தரும். பாட்டுக்கு சிமஸ். ஒரே திரையை நாலாக வகுக்க டிமக்ஸ்.

இங்கே பழமை அலங்காரமாக இல்லை, வேலை செய்துகொண்டே இருக்கிறது. வி.ஐ எடிட்டரில் கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் ஏன்? பில் ஜாய் அதை எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த நாலு எழுத்தின் மேல்தான் அச்சாகியிருந்தன. அதே கீபோர்டில் ஹோம் என்ற சொல்லும் டில்டே (~) குறியும் ஒரே பொத்தானில் இருந்தன. இன்றும் டில்டே போட்டால் நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் டைரக்டரிக்குப் போகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது காலண்டர் கமாண்ட். கேல் என்று அடித்து 9, 1752 என்று கொடுத்தால், செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14 என்று காட்டும். பிழையில்லை. இங்கிலாந்து அந்த மாதம்தான் பழைய ஜூலியன் காலண்டரை விட்டு கிரிகோரியனுக்கு மாறியது. பிரான்ஸ் 1582லேயே மாறிவிட்டது. யோசித்துப் பாருங்கள்: அப்போது தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயர் கையில், புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் துப்ளே கையில். இடையில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் அந்த மாற்றத்துக்கு முன், கோட்டையில் எழுதிய தேதிக்கும் புதுச்சேரியில் எழுதிய தேதிக்கும் 11 நாள் வித்தியாசம். என்கேல் என்ற இன்னொரு காலண்டர் கமாண்டில் நாட்டை பிரான்ஸ் என்று மாற்றினால் அதே செப்டம்பர் முழுசாக வரும். ஐம்பது ரூபாய்கூடப் பெறாத ஒரு கமாண்டில் நம் ஊர்ச் சரித்திரம் உட்கார்ந்திருக்கிறது.

சண்டே மார்க்கெட் கீபோர்டும் இந்த லேப்டாப்புக்குத்தான் வந்தது, 150 ரூபாய்க்கு. பிரான்ஸில் உறவுக்காரர் உள்ள குடும்பங்கள் நிறைந்த ஊரில் அது பிரெஞ்சுக்கார அஸெர்ட்டி கீபோர்டாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அதில் ஏவும் க்யூவும் இடம் மாறியிருக்கும். லோட்கீஸ் எஃப்ஆர் என்று அடித்தால் லினக்ஸ் அதைப் புரிந்துகொள்ளும். வேடிக்கை என்னவென்றால் லோட் என்பதிலேயே ஓர் ஏ இருக்கிறது. ஏ என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் க்யூ விழுகிறது. க்யூ பொத்தானை அழுத்தி ஏ வரவழைத்து, அதற்கப்புறம்தான் கீபோர்டு வழிக்கு வந்தது.

குறையையும் சொல்ல வேண்டும், அதுவும் பெரிய குறை. இந்தக் கறுப்புத் திரையில் தமிழ் வராது. லினக்ஸின் வெறும் கன்சோல் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களைத்தான் தாங்கும். வடிவம் இருந்தாலும், 'கொ' என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும் என்ற அறிவு அதற்குக் கிடையாது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது டெலிடைப் காலத்துப் புத்தி. வரைகலைச் சூழலில் எம்எல்டெர்ம் அல்லது கான்சோல் (Konsole) என்ற டெர்மினல் புரோகிராமைத் திறந்தால் ஓரளவு ஒழுங்காக வரும். இந்தக் கட்டுரையைக்கூட நான் அங்கேதான் எழுதினேன். கறுப்புத் திரைப் பக்தனுக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

அவன் எடுத்தது

நான் சொன்ன யோசனை இது. இந்த ஞாயிறு எமுலேட்டரில் தொடங்கு, அதுவும் சிம்எச்சில். பிடித்திருந்தால் அடுத்த வாரம் பீரோ மேல் இருக்கும் லேப்டாப்பை இறக்கு. டெஸ்க்டாப் இல்லாமல் ஒரு மாதம் ஓட்டு. தவித்தால் போட்டுக்கொள், தப்பில்லை. பழைய பெட்டி கடைசியில், அதுவும் ஓசியில் வந்தால் மட்டும். கடலோரத்தில் வீடு என்றால் அதுவும் வேண்டாம்.

எழுதிய வரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முழுக்கப் படித்துவிட்டு ராத்திரி போன் செய்தான். "எல்லாம் சரி மாமா. அந்த 486ஐ எனக்குக் குடுத்துடறீங்களா?"

அக்கா வீடு நெல்லிக்குப்பத்தில். கடற்காற்றின் உப்பு அங்கே இவ்வளவு இருக்காது. வந்து தூக்கிக்கொண்டு போடா என்றேன். மானிட்டரைத் திறக்கக் கூடாது என்று அக்காவிடமும் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.