பின்விறாந்தை மூலையில் கக்கூஸ் கட்டி எட்டு மாரி

கிளிநொச்சியில் கண்டாவளைப் பக்கம் எங்கள் வீடு, அப்பப்பா கட்டியது. சண்டையில் இடம்பெயர்ந்து 2010இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை, சுவர் நின்றது. கூரை போட்டோம், கதவு யன்னல் போட்டோம். கக்கூஸ் மட்டும் பழையபடி வளவின் பின்மூலையில். மாரி இரவில் ஒரு கையில் குடை, மறு கையில் டோர்ச், காலடியில் புடையன் பாம்பு கிடக்கிறதா என்ற பயம். 2017இல் அப்பம்மா கிணற்றடியில் வழுக்கி இடுப்பு முறிந்து படுத்ததோடு இனி இது சரிவராது என்று முடிவெடுத்தோம்.

முதலில் மறித்தவவும் அவதான். "குசினிக்குப் பக்கத்திலயோ? சுவாமி அறை எங்க கிடக்கு எண்டு பாத்தியே?" கடைசியில் பின்விறாந்தை மூலைக்கு இறங்கி வந்தா. அது வீட்டுக்குள்ளே என்றும் சொல்லலாம், வெளியே என்றும் சொல்லலாம்.

மேசன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, தரையை ஒரு அடி உயத்தினால்தான் ஓட்டம் வரும்" என்றார். இடுப்பு முறிந்த மனுசிக்கு ஒரு அடிப் படியா? தரையை உடைத்துக் குழாயைக் கீழே விடலாம் என்றால், பழைய வீட்டில் பீம் கிடையாது, கருங்கல் அத்திவாரம் மட்டும். அதைக் கிண்டினால் சுவர் வெடிக்கும். வழி சொன்னது ஹாட்வெயார் கடைப் பொடியன். கழிவு நேரே கீழே இறங்கும் கொமட்டை விட்டுவிட்டு, பின்பக்கமாக வெளியேறும் கொமட்டை எடுக்கச் சொன்னான். அதன் வாய் தரையிலிருந்து ஏறக்குறைய 7 அங்குல உயரத்தில் சுவரைத் துளைத்துப் போகிறது. விறாந்தை நிலத்தை விட ஒன்றரை அடி உயரம் என்பதால் வெளியே சரிவுக்கு இடம் தாராளம். தரையில் ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. இந்த வேலையில் நான் எடுத்த ஒரேயொரு நல்ல முடிவு அது.

மற்றதெல்லாம் பட்டுத்தான் படித்தேன். சுவரிலிருந்து மலக்கழிவு டாங்குக்கு 24 அடி. நாலு அங்குலப் பைப்புக்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு நல்லது; அதாவது 24 அடிக்கு 7 அங்குலம். மேசன் கண்ணாலே மட்டம் பிடித்தார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை வருடத்தில் மூன்று தரம் அடைத்தது. கிண்டிப் பார்த்தால் இரண்டு முனையும் சரி, நடுவில் பைப் தொய்ந்து பாம்பு வயிறு மாதிரிக் கிடந்தது. கீழே நிரப்பிய புழுதி மண்ணை இடிக்காமல் விட்டதால், மழை ஊறி இறங்கிவிட்டது. மணல் போட்டு இடித்து, தண்ணீர் மட்டக் குழாயை நானே பிடித்து அடிக்கு அடி பார்த்து மறுபடி பதித்தோம். வளைவில் ஒரே செங்குத்து எல்போவுக்குப் பதில் 45 பாகை எல்போ இரண்டு, பக்கத்தில் திறந்து பார்க்க மூடி போட்ட சின்னத் தொட்டி. அதற்குப் பிறகு ஒருதரமும் அடைக்கவில்லை.

காற்றுக்குழாய் இன்னொரு கூத்து. கூரைக்குக் கீழேயே, அறை யன்னலுக்கு நேரே நிறுத்திவிட்டார்கள். வாடையில் ஒன்றும் தெரியவில்லை. வைகாசியில் சோளகம் எழும்பியதும் நாற்றம் நேரே கட்டிலுக்கு வந்தது. அப்பம்மா ஒன்றும் பேசவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தா. குழாயைக் கூரைக்கு மேலே இரண்டடி ஏற்றியதும் நின்றது.

இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்த 2018 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் கொமட் குமிழி விட்டது. ஒரு வாளி ஊற்றினால் ஏறி நின்று, அரை மணித்தியாலம் கழித்துத்தான் இறங்கியது. கோளாறு டாங்கில் இல்லை, டாங்கிலிருந்து வழியும் தண்ணீர் மண்ணில் ஊறுவதற்காக அடுத்து வெட்டிய ஊறு குழியில். கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளித்தான் வெட்டியிருந்தோம். ஆனால் 8 அடி ஆழம்; மாரியில் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் நாலடிக்கு ஏறிவிடும். தண்ணீருக்குள் தண்ணீர் எப்படி ஊறும்? கிணற்றுக்கும் கூடாது. கோடையில் அதைத் தூர்த்துவிட்டு, இரண்டடி ஆழத்தில் நீளமாக வாய்க்கால் வெட்டி, சல்லி பரப்பி, துளைபோட்ட குழாய் வைத்தோம். இப்போது ஐப்பசி கார்த்திகையிலும் இறங்குகிறது. அடைமழை மூன்று நாள் தொடர்ந்தால் மட்டும் மெதுவாக.

குளிக்கிற தண்ணீரை இந்த டாங்கில் சேர்க்கவில்லை, வாழைப்பாத்திக்கு விட்டிருக்கிறேன். கொமட்டோடு வந்த பிளஷ் டாங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளைக் கல் படிந்து வால்வு வருடத்துக்கு ஒருதரம் இறுகும். இரண்டு தரம் மாற்றினேன், பிறகு விட்டுவிட்டேன். வாளியும் கோப்பையும் போதும். வீடு பூட்டிப் பத்துப் பதினைந்து நாள் வெளியூர் போய் வந்தால் தரைத் துவாரத்தில் நாற்றம் வரும். உள்ளே மறித்து நிற்கும் தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு கோப்பை ஊற்றினால் சரி.

டாங்கை ஒருதரம்தான் இறைத்தோம், 2022இல். இனி இறைக்க வேண்டி வந்தால் ஆவணிக்குள் பவுசருக்குச் சொல்லிவிடுவேன். மழை தொடங்கிவிட்டால் எங்கள் ஒழுங்கைக்குள் பவுசர் புதையும், போன முறை டிரக்டர் கட்டித்தான் இழுத்தோம்.