1,800 கல்யாணப் படம், 4 ஜிபி ரேம்: ஹாஸ்கெலா, எலிக்ஸிரா?

செங்கோட்டையில் எங்கள் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாதி ஆர்டர் தென்காசிப் பக்கம், பாதி ஆரியங்காவு தாண்டிக் கேரளத்தில் புனலூர்ப் பக்கம். நமக்கு ஆவணி வரும்போதுதான் அவர்களுக்குச் சிங்ஙம், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் முகூர்த்தம் குவியும். ஒரு கல்யாணத்துக்கு 1,800 படம் என்பது சாதாரணம். ஒவ்வொன்றும் 6000 க்கு 4000. பார்ட்டிக்கு அனுப்ப 1600 அகலத்தில் ஒன்று, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் ஷீட்டுக்கு 400 அகலத்தில் ஒன்று என்று எல்லாவற்றையும் சிறிதாக்கவேண்டும். முன்பு கடைப் பையன் ஒருவன் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தான், அவன் திருப்பூருக்குப் போனபிறகு வேலை என் தலையில் விழுந்தது. அதற்கு நானே நிரல் எழுதினேன், ஒன்று ஹாஸ்கெல் மொழியில், இன்னொன்று எலிக்ஸிர் மொழியில்.

படங்களை மொத்தமாக மாற்றித் தரும் இமேஜ்மேஜிக் மென்பொருள் இருக்கும்போது எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரே வரி போதும். ஆனால் அதன் மோக்ரிஃபை கட்டளை, வேறு இடம் சொல்லாவிட்டால், மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். அந்த வரியை நான் ஒருமுறை அவசரத்தில் அடித்து, ஒரு நிச்சயதார்த்தம் முழுவதும் 1600 அளவுக்குச் சுருங்கிப்போனது. கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். அதோடு நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும், கெட்ட ஃபைல்களைத் தனியே பட்டியல் போடவேண்டும், இதையெல்லாம் ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி அடுத்த வருஷம் திறந்து பார்த்தால் எனக்கே புரியாது. எனக்கு ஃபங்ஷனல் மொழிகள் (உள்ளீட்டை வாங்கி விடையைத் தரும் சார்புகளாக நிரலை எழுதும் ஹாஸ்கெல், எலிக்ஸிர் வகையறா) பிடிக்கும் என்பதும் ஒரு காரணம், அதை மறைப்பானேன்.

இரண்டு சீசன் ஓட்டிப் பார்த்தேன். முதல் வருஷம் ஹாஸ்கெல், படத்தைப் படிக்க, எழுத ஜூசிபிக்சல்ஸ் என்ற நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. அடுத்த வருஷம் எலிக்ஸிர், படத்துக்கு விக்ஸ் என்ற நூலகம் வழியாக லிப்விப்ஸ் என்ற இன்னொரு நூலகம். இப்போது கடையில் ஓடுவது எலிக்ஸிர். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

மொழி அழகு என்று பார்த்தால் இரண்டிலும் குறையில்லை. எந்தப் படத்தை எங்கே எழுதவேண்டும் என்று முடிவுசெய்யும் பகுதி, எந்தப் பக்கவிளைவும் இல்லாத, அதாவது தானாக எந்த ஃபைலையும் தொடாத, ஒரு சின்னச் சார்பு: மூலப் பட்டியல், ஏற்கெனவே முடிந்தவற்றின் பட்டியல், இரண்டையும் கொடுத்தால் மிச்சத்தைத் தரும். ஹாஸ்கெலில் எழுதியதை அப்படியே எலிக்ஸிருக்கு மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாரல் சீசனில் எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும், அதற்கு இது போதும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் முடிந்தபின் பெயரை மாற்றவேண்டும். இல்லையென்றால் பாதி எழுதிய ஃபைலும் 'முடிந்தது' கணக்கில் சேர்ந்துவிடும்.

ஃபைல் பெயர் விஷயத்தில் இரண்டும் சமமாகக் கழுத்தை அறுத்தன. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர், இன்றைக்கும் ஃபோல்டர் பெயர் ஒன்று தமிழிலும் அடுத்தது மலையாளத்திலும் இருக்கும். டெர்மினலில் ஓட்டினால் இரண்டு மொழியிலும் ஒழுங்காக ஓடும். இரவு 11 மணிக்கு, குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் கிரான் வழியாக ஓட்டினால் அங்கே மொழி அமைப்பே இருக்காது, ஹாஸ்கெல் அந்தப் பெயரைத் திரையில் எழுதப் போய் 'இன்வாலிட் ஆர்குமென்ட்' என்று செத்துவிடும். எலிக்ஸிர் கொஞ்சம் மரியாதையாக, பெயர்கள் லத்தீன்-1 ஆக (தமிழ், மலையாளம் இல்லாத பழைய எழுத்துக் குறியீடு) படிக்கப்படுகின்றன, யூடிஎஃப்-8 (எல்லா மொழிக்கும் பொதுவானது) வையுங்கள் என்று எச்சரிக்கும். கிரான் ஃபைலில் லாங் மாறியை யூடிஎஃப்-8 என்று ஒரு வரி வைத்தால் இரண்டுக்கும் தீர்ந்தது.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது மெமரி.

கணக்கைப் பாருங்கள். 6000 × 4000 என்றால் 2.4 கோடிப் புள்ளி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். வட்டில் எட்டுப் பத்து எம்பியாக இருக்கும் ஜேபெக், பிரித்ததும் 72 எம்பி ஆகிவிடும். ஜூசிபிக்சல்ஸ் முழுப் படத்தையும் பிரித்துத்தான் கையில் தரும். அதுவும் ஜேபெக்கின் உள் வண்ண முறையில் தரும், அதை ஆர்ஜிபி (சிவப்பு-பச்சை-நீலம்) ஆக்கினால் இன்னொரு 72. ஆக ஒரு படத்துக்கு ஏறத்தாழ 150 எம்பி, நான்கு படம் ஒரே நேரத்தில் ஓடினால் 600. கடையில் இருப்பது நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பழைய சிஸ்டம், ரேம் 4 ஜிபி. 600 எம்பி தாங்கும். தாங்காதது நான் எழுதிய விதம்.

நான் எழுதியது இப்படி: எல்லாப் படத்தையும் படி, 'லெஃப்ட்' ஆக வந்த கெட்டவற்றையும் 'ரைட்' ஆக வந்த நல்லவற்றையும் இரண்டாகப் பிரி, முதலில் கெட்டவற்றின் பெயரை எழுது, அப்புறம் நல்லவற்றைச் சிறிதாக்கு. நான்கே வரி, படிக்கவே அவ்வளவு சுகம். வீட்டு லேப்டாப்பில் 20 படத்தை வைத்துச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. கடையில் 1,800 ஐ விட்டேன். ஹாஸ்கெல் சோம்பேறி மொழி, தேவைப்படும்போதுதான் கணக்கிடும். ஆனால் கெட்டவை எவை என்று முதலில் கேட்டதால் ஒவ்வொரு படத்தையும் பிரித்தே தீரவேண்டும், நல்லவை பின்னால் தேவைப்படுவதால் எதையும் விடவும் முடியாது. 1,800 × 72 எம்பி, கிட்டத்தட்ட 130 ஜிபி. காலையில் அத்தான் போன்: "மாப்ள, பெட்டி உறைஞ்சு கெடக்கு, மவுஸே அசைய மாட்டேங்கு."

மொழியைக் குறை சொல்ல முடியாது, தப்பு என்னுடையது. ஒவ்வொரு படமாகப் படித்து, சுருக்கி, எழுதி, அதற்கப்புறம் அடுத்ததற்குப் போகும்படி மாற்றினேன். பின்பு வேகம் வேண்டும் என்று, பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓட்டும் மேப்கன்கரன்ட்லி போட்டேன், அது பட்டியலில் உள்ள அத்தனைக்கும் ஒரே நேரத்தில் இழை (தனித்தனி ஓட்டம்) திறக்கும் என்பதை மறந்து இரண்டாம் முறையும் சிஸ்டத்தைப் படுக்கவைத்தேன். ஒரு நேரத்தில் இத்தனைதான் என்று வரம்பு வைத்தபிறகு சீசன் முழுவதும் நிம்மதியாக ஓடியது. என் மனத்தாங்கல் வேறு: எழுதியதைப் படித்துப் பார்த்து, இது எவ்வளவு மெமரி தின்னும் என்று சொல்ல முடியவில்லை. ஹாஸ்கெலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குக் கண்ணில் படும். வருஷத்துக்கு இரண்டு முறை திறந்து பார்க்கும் எனக்குப் படாது.

எலிக்ஸிரில் இதே இடத்தில், அதே வேலையைச் செய்யும் டாஸ்க் அசிங்க் ஸ்ட்ரீம் இருக்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் சிபியூவில் கோர் எத்தனையோ அத்தனை வேலைதான் ஒரே நேரத்தில் ஓடும். நான் மறந்தாலும் அது மறக்காது, எனக்கு வேண்டியது அதுதான். அதைவிடப் பெரிய லாபம் அடியில் இருக்கும் லிப்விப்ஸ். அது முழுப் படத்தையும் மெமரியில் வைத்துக்கொள்ளாது, கேமரா ஜேபெக்கைச் சில வரிகளாக வாங்கி, சுருக்கி, கீழே தள்ளிக்கொண்டே போகும். 400 அகலத்து ஷீட் படம் என்றால் இன்னும் தந்திரம்: ஜேபெக் எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகச் சேமிக்கப்படுவதால், பிரிக்கும்போதே பாதியாகவோ காலாகவோ எட்டில் ஒன்றாகவோ பிரிக்க முடியும். கால் அளவில் பிரித்தால் 1500 × 1000, வெறும் 4.5 எம்பி. 72 எங்கே, 4.5 எங்கே. லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களை மிகப் பெரிய அளவில் படம்பிடித்த ஒரு திட்டத்துக்காக 1990 வாக்கில் பிறந்த நூலகம் இது, அன்றைய கணினிகளின் மெமரிக்கு இப்படி எழுதினால்தான் உண்டு. அந்தச் சிக்கனம் இன்றைக்கு எங்கள் அத்தான் கடைக்கு உதவுகிறது.

இதில் பாதிப் பெருமை சி மொழியில் எழுதிய நூலகத்துக்குத்தான், எலிக்ஸிருக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஜூசிபிக்சல்ஸ் முழுக்க ஹாஸ்கெலிலேயே எழுதப்பட்டது. அதையும் சி நூலகத்தையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமில்லை. ஆனால் அத்தானுக்கு நியாயமா வேண்டும், படம்தான் வேண்டும்.

படத் தரத்திலும் ஒன்று. ஜூசிபிக்சல்ஸில் அளவு மாற்றும் வசதி கிடையாது, ஜூசிபிக்சல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற துணைத் தொகுப்பில் பைலீனியர் முறை இருக்கிறது. அது ஒரு புதுப் புள்ளிக்குப் பக்கத்தில் உள்ள நான்கு பழைய புள்ளிகளை மட்டுமே பார்க்கும். 6000 ஐ 1600 ஆக்கும்போது ஒரு புதுப் புள்ளிக்கு ஏறக்குறைய 14 பழைய புள்ளி வரும், அதில் பத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? முகத்தில் தெரியாது. பட்டுச்சேலை ஜரிகையில் தெரியும். கல்யாணப்பெண் சேலையின் பார்டர் முழுக்கப் பல்லுப்பல்லாக, அலையலையாக வந்தது, கசவு முண்டின் கரை அதைவிட மோசம். முதலில் நான்கு புள்ளியின் சராசரி எடுத்துப் பாதியாக்கி, அப்புறம் பைலீனியர் போட்டதில் சரியானது, நேரம் கூடியது. லிப்விப்ஸ் சுருக்கும்போது, சுற்றியுள்ள பழைய புள்ளிகளையும் கணக்கில் எடுக்கும் லான்சோஸ் முறையைப் பயன்படுத்துகிறது, ஜரிகை ஜரிகையாகவே இருக்கிறது.

நெட்டுக்குத்தான படம் படுத்துக்கொள்ளும் பிரச்சினையும் அப்படித்தான். கேமராவைத் திருப்பிப் பிடித்தாலும் படம் கிடைமட்டமாகத்தான் சேமிக்கப்படும், எந்தப் பக்கம் மேல் என்பது படத்தோடு கேமரா எழுதி வைக்கும் எக்ஸிஃப் குறிப்பில் ஓர் எண்ணாக இருக்கும். ஹாஸ்கெலில் அந்த எண்ணை நானே படித்து, 3 என்றால் தலைகீழாகத் திருப்பு, 6 என்றால் வலப்பக்கம், 8 என்றால் இடப்பக்கம் என்று எழுதினேன். 6 ஐயும் 8 ஐயும் முதலில் மாற்றிப் போட்டு மாப்பிள்ளை அழைப்பு முழுவதும் தலைகீழானது தனிக்கதை. லிப்விப்ஸின் தம்ப்நெயில் செயல்பாடு இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

எலிக்ஸிரிலும் கல் தடுக்கும். அசிங்க் ஸ்ட்ரீமில் ஒரு வேலைக்கு இயல்பாகக் கொடுக்கும் அவகாசம் 5 விநாடி, பழைய ஹார்டு டிஸ்க் ஒரு படத்துக்குத் திணறினால் மொத்த ஓட்டமும் நின்றுவிடும். அவகாசத்தை வரம்பில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது ஸ்ட்ரீம், கேட்டால்தான் ஓடும் என்பதால் கடைசியில் ஸ்ட்ரீம் ரன் போடாவிட்டால் ஒன்றுமே நடக்காது. முதல் நாள் ஒரு விநாடியில் முடிந்ததைப் பார்த்து, என்ன வேகம் என்று மெய்சிலிர்த்து உட்கார்ந்திருந்தேன். லிப்விப்ஸும் தன் பங்குக்கு இழைகள் திறக்கும், விப்ஸ்_கன்கரன்சி மாறியை 1 ஆக வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளாது. எல்லாவற்றையும்விட முக்கியம்: பாதியில் அறுந்த ஜேபெக்கை லிப்விப்ஸ் இயல்பாகப் பொறுத்துக்கொள்ளும், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு நல்ல பிள்ளையாக இருக்கும். ஃபெயில்-ஆன் விருப்பத்தைச் சொன்னால்தான் பிழை என்று கத்தும். இது தெரியாமல் ஒரு பார்ட்டிக்குச் சாம்பல் படம் ஒன்று போய்விட்டது.

ஹாஸ்கெலை ஒரேயடியாகக் கைவிடவில்லை. ஜூசிபிக்சல்ஸில் படம் வரும்போதே அது என்ன வகை என்று வரும்: எட்டு பிட் ஆர்ஜிபியா, பதினாறு பிட்டா, பிரஸ்ஸிலிருந்து வந்த, அச்சு வண்ண முறையான சிஎம்ஒய்கேவா என்று. எந்த வகையை நான் கையாளவில்லை என்று, நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரே எச்சரிக்கும். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையிலிருந்து வந்த டிசைன்கள் கல்யாண ஃபோல்டரில் கலந்திருப்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இன்னொன்று, ஒருமுறை கம்பைல் செய்தால் ஒரே ஃபைல், பென் டிரைவில் எடுத்துப் போய் வைத்தால் ஓடும். எலிக்ஸிருக்கு, அது ஓடும் தளமான எர்லாங்கையும் சேர்த்துக் கட்டி எடுத்துப் போகவேண்டும், விக்ஸ் லிப்விப்ஸைக் கட்டித் தருவதால் அந்த ஒரு தலைவலி இல்லை.

க்ளோஜர் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியை ஒரு வாரம் தொட்டுப் பார்த்தேன், சின்ன ஃபோல்டரில் ஒழுங்காகத்தான் ஓடியது. முழு சீசன் ஓட்டாமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆக இன்றைய நிலவரம்: இரவு 11 மணிக்கு எலிக்ஸிர் சுருக்குகிறது, அதற்கு முன் 10:30 க்கு அந்தப் பழைய ஹாஸ்கெல் நிரல், இப்போது ஒவ்வொரு படமாக, வகையை மட்டும் பார்த்துச் சந்தேகமானவற்றின் பட்டியலை எழுதி வைக்கிறது. காலையில் கடை திறந்ததும் அத்தான் அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஷீட்டைத் திறந்து, "நிக்கவேண்டியவன்லாம் நிக்கானா?" என்று மட்டும் பார்க்கிறார்.