‘டக்’ என்றால் ஒன்று, சத்தமே இல்லையென்றால் வேறொன்று: பழைய காரோடு பதினோரு வருடம்

2013-ல் இந்தக் காரை வாங்கும்போதே அதற்கு இருபது வயது முடிந்திருந்தது. ஜப்பானில் ஓடிய பிறகு கப்பலேறி பர்மாவின் யாங்கோனுக்கு (ரங்கூன்) வந்த சலூன் வண்டி. 1500 சிசி பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர். நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், கடைக்குச் சரக்கு எடுப்பது, பிள்ளைகளைக் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பில் விடுவது, பெகுவில் மாமியார் வீட்டுக்குப் போய்வருவது எல்லாமே இதில்தான். எஞ்சின் ஒரு நாளும் காலை வாரியதில்லை. எனக்கு வந்த தொல்லை, ஒரே ஒரு தடவை தவிர, எல்லாமே சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்குள்தான். அந்த நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் தேவையே இல்லாமல் ஒரு பேட்டரி வாங்கினேன். இன்னொருவர் அப்படி வாங்கக் கூடாது என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

முதல் தடவை 2017 சித்திரைப் பிறப்பன்று. பர்மாவில் அதே நாட்களில்தான் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும். முந்தின நாள் தெருவெல்லாம் பீப்பாய் பீப்பாயாகக் காரின் மேல் தண்ணீர் அடித்திருந்தார்கள். காலையில் அனோரத்தா சாலை காளியம்மன் கோயிலுக்குக் கிளம்பி, எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினால் கனமாக ஒரே ஒரு ‘டக்’. அவ்வளவுதான். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கும் என்றார் கணவர். மூன்றாவது தடவை திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல் எஞ்சின் ஓடியது. அடுத்த வாரம் மறுபடி அதே ‘டக்’. பேட்டரிதான் போய்விட்டது என்று ஒரு கடையில் சொன்னார்கள், புதிதாக மாற்றினோம். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதை.

எங்கள் தெருமுனையில் ஒரு தமிழ் மேஸ்திரி இருக்கிறார். பர்மியர்கள் அவரை ‘ஸயா’ (ஆசான்) என்பார்கள், எங்களுக்கு அண்ணன். அவர் கையில் எடுத்தது ஸ்பேனர் அல்ல, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். “தங்கச்சி, ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பு. வெளிச்சம் மங்குதான்னு மட்டும் பாரு” என்றார். ‘டக்’ என்று கேட்டது, வெளிச்சம் மங்கவில்லை. மீட்டரில் 12.6 வோல்ட் இருந்தது 12.3-க்கு இறங்கி அங்கேயே நின்றது. “பேட்டரியில குறையே இல்ல. இருக்கற கரண்டை மோட்டார் இழுக்கவே இல்ல” என்றார்.

அதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போவது ஒரு மெல்லிய வயர். அது மோட்டாரைச் சுழற்றுவதில்லை, மோட்டாரோடு ஒட்டியிருக்கும் சொலினாய்டு என்ற மின்காந்த சுவிட்சை மட்டும் இழுக்கிறது. சொலினாய்டுக்குள் இருக்கும் தாமிரத் தட்டு போய் இரண்டு தாமிரக் கட்டிகளின் மேல் உட்கார்ந்த பிறகுதான், பேட்டரியின் தடித்த கேபிளில் நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ந்து மோட்டார் சுழலும். ஆகவே ‘டக்’ என்று கேட்டால் சாவி, மெல்லிய வயர், சொலினாய்டின் சுருள் மூன்றும் தம் வேலையைச் செய்துவிட்டன. கோளாறு அதற்கு அப்பால். பேட்டரி பலவீனமாக இருந்தால் பெரும்பாலும் ஒரே ‘டக்’ வராது. ‘டக டக டக’ என்று அடுக்கடுக்காக அடிக்கும், விளக்கெல்லாம் செத்துப்போகும், மீட்டர் 7, 8 வோல்ட்டுக்கு விழும். நல்ல பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போதுகூட 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அண்ணன் ஸ்டார்ட்டரை இறக்கினார். சொலினாய்டு மூடியின் மூன்று போல்ட்டை எடுத்ததும் உள்ளே கறுப்புப் பொடி, தேய்ந்து உதிர்ந்த தாமிரம். மோட்டார் பக்கத்துக் கட்டி ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. பேட்டரி பக்கத்துக் கட்டி ஒரு ஓரம் முழுக்கக் கரைந்து, எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி பள்ளமாகியிருந்தது. தட்டு வந்து உட்காரும்போது ஒரு பக்கம் தொடும், மறுபக்கம் சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. மூன்றாவது தடவை திருப்பினால் ஓடியதன் ரகசியம் அதுதான். தட்டு கொஞ்சம் திரும்பித் தேயாத இடத்தில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் மேல் நாங்கள் போட்ட பழி வீண்.

இரண்டு கட்டிகளையும் மாற்றி, தட்டின் முகத்தைத் திருப்பிப் போட்டார். பூட்டும்போது அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஒரே விஷயத்துக்கு: இரண்டு கட்டியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று மயிரிழை உயரமாக இருந்தாலும் தட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிடும், புதுத் தாமிரம் போட்டும் பயன் இருக்காது. செலவு, நான் வாங்கிய பேட்டரியின் விலையில் ஒரு சின்னப் பங்கு.

அதற்குப் பிறகு நாலைந்து வருடம் நிம்மதி. 2022 மழைக்காலத்தில் வந்தது வேறு விதம். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்குகள் எரியும், ஆனால் ‘டக்’ கூட இல்லை. சுத்த மௌனம். சாவியைக் கொஞ்சம் ஆட்டினால், அல்லது நாலு தடவை திருப்பினால் பிடித்துக்கொள்ளும். இந்தத் தடவை நான் பேட்டரிக் கடைக்குப் போகவில்லை. கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப் வாங்கி வைத்திருந்தேன். ஸ்டார்ட்டரின் மெல்லிய வயரில் அதைத் தொட வைத்துக்கொண்டு, மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். எரிய வேண்டிய பல்பு அணையப்போகும் திரி மாதிரி மினுக்கியது. மீட்டரில் 7 வோல்ட் சொச்சம். பேட்டரியிலோ 12.5. நடுவில் ஏதோ ஒன்று ஐந்து வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சோதனையை அண்ணனை அருகில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஃபேன் பெல்ட் பக்கம் தலைப்போ லுங்கியோ போகாமல் பார்த்துக்கொண்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக அந்த மெல்லிய டெர்மினலுக்கு ஒரு வயரைத் தொட்டோம். ஸ்டார்ட்டர் உடனே சீறிச் சுழன்றது. ஸ்டார்ட்டர் நிரபராதி என்று அந்த நொடியில் தீர்ந்துவிட்டது.

சாவி நுழையும் பூட்டு வேறு, அதன் பின்னால் இருக்கும் மின் சுவிட்ச் வேறு. பலரும் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பூட்டையே மாற்றிவிடுகிறார்கள், பிறகு கதவுக்கு ஒரு சாவி, ஸ்டியரிங்குக்கு ஒரு சாவி. ஸ்டியரிங் கம்பத்தின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் பூட்டின் பின்னால் இரண்டு சின்ன ஸ்க்ரூவில் அந்த சுவிட்ச் நிற்கும். என் வண்டியில் ஸ்டார்ட்டர் ரிலே (சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) கிடையாது, சொலினாய்டு இழுக்கும் கரண்ட் முழுவதும் சுவிட்ச் வழியாகவே போகிறது. முப்பது வருடத்தில் அந்தச் சின்னத் தொடுமுனைகள் கருகிக் குழி விழுந்ததில் வியப்பில்லை. மின் சுவிட்சை மட்டும் மாற்றினோம். கூடவே ஒரு 30 ஆம்பியர் ரிலேயும் போட்டோம். அதன் கால்களில் இருக்கும் எண்படி: பழைய மெல்லிய வயர் 86-க்கு, எர்த் (வண்டியின் இரும்பு உடல்) 85-க்கு, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு 30-க்கு, 87-லிருந்து ஸ்டார்ட்டருக்கு. இப்போது சாவி சுவிட்ச் ரிலேயை மட்டும் இழுத்தால் போதும். இந்தக் காருக்கு நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான் என்பேன். போன பெட்ரோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று, இரண்டு மீட்டர் நகர்த்தி அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து என்று ஒரே காலையில் முப்பது தடவைக்கு மேல் திருப்பியிருக்கிறேன், ஒரு தடவையும் தவறவில்லை.

சுவிட்சை மாற்றுவதற்குச் சில நாள் முன்பு பெகு சாலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் டேஷ்போர்டு முழுக்க ஒரு கணம் இருண்டு, எஞ்சின் நின்றது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக் மிதிக்கு உதவும் வாக்குவம் (வெற்றிட இழுப்பு) எஞ்சின் நின்றால் ஓரிரு மிதிக்குத்தான் வரும் என்பதால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டினேன். அந்தப் பதற்றத்தில் சாவியை உருவிவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இங்கே 1970 முதல் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், எங்கள் வண்டிகளோ பெரும்பாலும் வலப்பக்க ஸ்டியரிங். அதனால் ஓரம் கட்டினால் டிரைவர் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும், லாரிகளுக்கு நடுவே இறங்க வேண்டியதில்லை. அன்றைக்கு அதை எண்ணி அம்மனைக் கும்பிட்டேன்.

காரணம் அதே சுவிட்சில் தளர்ந்துபோன இன்னொரு தொடுமுனை. அதோடு என் சாவிக்கொத்து. கடைச் சாவி ஏழு, வீட்டுச் சாவி மூன்று, பித்தளை வேல் ஒன்று, எல்லாம் அந்தச் சாவியில் தொங்கின. சாவிக்கொத்தின் பாரத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதே மாதிரியான சுவிட்ச் கோளாறுக்காக. ஓடும்போதே சுவிட்ச் நழுவினால் எஞ்சின் அணையும், ஏர்பேக்கும் விரியாது. 124 பேர் இறந்ததாக இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. சரிசெய்யும்வரை மற்றச் சாவிகளைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். இப்போது என் கார் சாவி தனியாகத்தான் தொங்குகிறது.

எர்த் வயரைப் பற்றி ஒரு வார்த்தை. மே முதல் அக்டோபர் வரை கொட்டும் மழையில், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் கம்பி துருப்பிடித்துப்போகும். அதுவும் ‘டக்’ என்றே சத்தம் கொடுத்து ஏமாற்றும். ஸ்டார்ட் செய்யும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், முதலில் அந்தக் கம்பியைச் சுரண்டி இறுக்குங்கள்.

சில நாட்களாக, வெயிலில் நின்ற பிறகு ஸ்டார்ட்டர் கொஞ்சம் சோம்பலாகச் சுழல்கிறது. நேற்று ஒரு தடவை சுழலவே இல்லை. ஸ்பேனரால் லேசாகத் தட்டியதும் எடுத்துக்கொண்டது. தட்டினால் எடுத்தால் பெரும்பாலும் உள்ளே சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். வெளியூர் போகும்முன் கழற்றி அளந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருவதாக மேஸ்திரி அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.