எம்ஜிபியின் மூக்கை இறக்க: வெட்டிய ஸ்பிரிங்கா, குட்டை ஸ்பிரிங்கா, ஸ்டப் ஆக்சிலா?

எம்ஜிபி (MGB) ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பரோடு வந்த மாடலைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு கையே நுழையும். அமெரிக்காவின் பம்பர், ஹெட்லைட் உயர விதிகளுக்காக வண்டியையே ஓர் அங்குலமாவது தூக்கிவிட்டார்கள். போதாக்குறைக்குச் செலவைக் குறைக்க வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் கழற்றினார்கள். 1977 மாடலில்தான் அது திரும்பி வந்தது. அதனால் இந்த வண்டியை இறக்க நினைப்பது வெறும் அழகுக்காக மட்டும் இல்லை.

ஸ்பிரிங்கை வெட்டுவதுதான் மலிவான வழி. கணக்கும் எளிது: எட்டு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் விறைப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். அது நல்லதுதான். சிக்கல் அளவில் வரும். ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில். அதில் அரை அங்குலம் குறைந்தாலே சக்கரத்தில் ஓர் அங்குலம் இறங்கிவிடும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று பிளேடை வைத்தால் போனது போனதுதான். என் வண்டிக்கு அறுத்துத் தந்தவர் இடமும் வலமும் ஒரே இடத்தில் அறுக்கவில்லை. சாய்ந்த தராசு மாதிரி நின்றது. கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், எஃகின் பதமே போய்விடும்.

குட்டை ஸ்பிரிங் வாங்கிப் போட்டால் இந்தத் தலைவலி இல்லை; உயரமும் விறைப்பும் கணக்குப் பார்த்துச் செய்தவை. ஆனால் ஸ்பிரிங் எதுவானாலும், இறங்கிய அளவுக்குச் சக்கரம் மேலே எழும்ப இருந்த இடம் குறையும். பள்ளத்தில் விழுந்தால் பம்ப் ஸ்டாப் ரப்பரில் ‘டொக்’கென்று இடிக்கும். குலுக்கலை அடக்கும் பழைய லீவர் டாம்பர் தளர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

ஸ்டப் ஆக்சில் என்பது முன்சக்கரம் மாட்டியிருக்கும் குட்டை அச்சு. அதன் அச்சை மேலே தள்ளிச் செய்த மாற்று உதிரி இருக்கிறதே, என் ஓட்டு அதற்குத்தான். சக்கரம் மேலே ஏறுகிறது, வண்டி இறங்குகிறது. கீழ் ஆர்மின் கோணமும் ஸ்பிரிங்கின் ஓட்டமும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கும். விலையும் வேலையும் கூடுதல். கிங்பின் (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் முளை) எப்படியும் தேய்ந்திருந்தால் அதை மாற்றும்போதே இதையும் முடித்துவிடலாம்.

பழைய குரோம் பம்பர் மாடலின் கிராஸ்மெம்பரையே (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாட்டுவோரும் உண்டு. ஸ்டியரிங் இணைப்புவரை கை வைக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

எதைச் செய்தாலும் ஸ்பிரிங்கைக் கீழிருந்து தாங்கும் தட்டைக் கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். எதிரெதிர் மூலைகளில் நீள போல்ட் போட்டு, மரை மரையாகத் தளர்த்துங்கள். ஆர்மின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ்ஷின் நட்டை, வண்டி தன் எடையோடு தரையில் நின்ற பிறகே இறுக்குங்கள். பிறகு டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), ஹெட்லைட் இரண்டையும் சரிபாருங்கள்.

காசு எடுக்கும் முன், ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருபுறமும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பழைய ஸ்பிரிங் ஒரு பக்கம் தானாகவே இறங்கியிருக்கலாம்.