புங்கனா, புளியா, தூங்குமூஞ்சியா? சித்தூர்ப் பக்கத்து வீதிகளுக்கு எந்த மரம்

கேரளத்தில் சாலையோர மரம் என்றாலே மழையை நம்பித்தான் திட்டம் போடுகிறார்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று கன்று நட்டால் போதும், மீதியை இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். திருச்சூருக்கும் கொச்சிக்கும் அது சரி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி என்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் இருக்கும் நமக்குச் சரிப்படாது. இங்கே மழை குறைவு, பல இடங்களில் கரிசல் மண். பாசனமே 1970-ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி வரும் தண்ணீரை நம்பி நடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகும் கிழக்குக் காற்று மண்ணில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்.

அதனால் எந்த மரத்தையும் நான் மூன்று கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். வெயில் உச்சத்தில் இருக்கும்போது இலை இருக்குமா? காற்றுக்கு நிற்குமா? தலைக்கு மேல் கரண்ட் கம்பி போகிறதா?

முதல் கேள்வியிலேயே மயில்கொன்றை விழுந்துவிடுகிறது. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், பூத்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் நிழல் தேடி நாம் அலைகிற மார்ச், ஏப்ரலில் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கும். கணிக்கொன்றைக்கும் இதே குறைதான். விஷுவுக்குப் பூக்கிற மரம், மாநில மலர், அதனால் எல்லாத் திட்டத்திலும் அதற்கு இடம் கிடைக்கிறது. பூங்காவுக்கு அழகு. பஸ் ஸ்டாப்புக்கு நிழல் தராது.

உண்மையான போட்டி தூங்குமூஞ்சிக்கும் புளிக்கும்தான். தூங்குமூஞ்சி வெளிநாட்டு மரம், அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சாலையின் குறுக்கே குடை விரித்துவிடும். நட்டவர் காலத்திலேயே பலன் தெரிவதால் நகராட்சிகளுக்கு அதன்மேல் ஆசை. ஆனால் அதன் வேர் பெரும்பாலும் மேலாகவே ஓடும். நடைபாதையைத் தூக்கும், ஓடையை உடைக்கும். கிளைகள் நீண்டு கனத்து, காற்றில் ஒடியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, பெருங்கொன்றை போன்ற வெளிமரங்கள்தான் அதிகம் சாய்ந்தன. நம்மூரில் புயல் வராது, கணவாய்க் காற்று வரும். பெரிய மைதானம், பள்ளிக்கூட வளாகம், சந்தைப்பேட்டை என்று இடம் தாராளமாக இருந்தால் தூங்குமூஞ்சி வைக்கலாம். 20 அடிச் சாலைக்கு வேண்டாம்.

புளி வேறு மாதிரி. அதுவும் பூர்வீகத்தில் ஆப்பிரிக்க மரம்தான், ஆனால் எத்தனையோ நூற்றாண்டாக நம் சாலைகளில் நின்று நம்முடையதாகிவிட்டது. வளர்ச்சி மெதுவு. நல்ல நிழல் கிடைக்க இருபது வருடமாவது ஆகும். ஆழமாக வேர் விடும், காற்றுக்கு அசையாது, நூறு நூற்றைம்பது வருடம் சாதாரணமாக நிற்கும். தமிழ்நாட்டுப் பக்கம் இன்னொரு நல்ல ஏற்பாடும் பார்க்கலாம்: சாலையோரப் புளியமரத்துக்கு எண் எழுதி, வருடாவருடம் மகசூலை ஏலம் விடுகிறார்கள். எண் இருந்தால் கணக்கு இருக்கும், கணக்கு இருந்தால் ஒரு மரம் காணாமல் போனால் கேள்வி எழும். இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஆனால் புளியை வெட்டுவதும் சாலைதான். கோவை–பொள்ளாச்சிச் சாலையை அகலப்படுத்தியபோது இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் போய்விட்டன. அந்த நிழலில் போய் வந்தவர்களுக்கு இழப்பின் அளவு தெரியும். எனவே புளி வைப்பதானால், இன்னும் முப்பது வருடத்தில் சாலை எவ்வளவு அகலமாகும் என்று கேட்டு, அந்த எல்லைக்கு வெளியே குழி எடுக்க வேண்டும். இடம் இல்லையென்றால் புளி வேண்டாம். பாதி வளர்ந்த பிறகு வெட்டுவது இரட்டை நஷ்டம்.

ஊருக்குள் இருக்கும் நடுத்தர வீதிக்கு என் ஓட்டு புங்கனுக்கு. வெயில் ஏறுவதற்கு முன்பே இலை உதிர்த்து, சித்திரைக்குள் பளபளவென்று புதுத்தளிர் போட்டுவிடும். கரிசலிலும் வரும், வறட்சியும் தாங்கும். ஆடு அவ்வளவாக விரும்பிக் கடிக்காது. இலையில் கொப்புளம் கொப்புளமாகச் சிலந்திப்பேன் முடிச்சுகள் வரும். பார்க்க அசிங்கம், மரத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. வேம்பும் நிழலில் புங்கனுக்குக் குறைந்ததல்ல. ஆனால் 2021 வாக்கில் தெலங்கானாவில் ஏராளமான வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன. பூஞ்சை நோயும் தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் சேர்ந்த வேலை. ஒரே மரத்தை ஊர் முழுக்க வைத்தால் இதுதான் ஆபத்து. அமெரிக்க மர ஆய்வாளர் சாண்டமர் 1990-இல் ஒரு கணக்கு சொன்னார்: ஒரு நகரத்தில் எந்த மர இனமும் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அவ்வளவு கறாராக நம்மால் முடியாவிட்டாலும், வீதிக்கு வீதி மாற்றி புங்கன், வேம்பு, நாவல், மருதம் என்று வைக்கலாமே. நாவலும் மருதமும் வாய்க்கால் ஓரத்துக்கு.

கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் என்று பல நகரங்களில் வைத்தார்கள். குஜராத் 2023-இலும் தமிழ்நாடு 2025-இலும் நடத் தடை போட்டன.

கம்பி போகிற பக்கத்தில் பெரிய மரம் வைப்பது மரத்துக்குச் செய்கிற கொடுமை. வருடாவருடம் நடுத்தலையை வெட்டுவார்கள், வெட்டிய இடம் அழுகும், பிறகு “ஆபத்தான மரம்” என்று அடியோடு எடுப்பார்கள். அந்தப் பக்கம் மந்தாரை, கணிக்கொன்றை மாதிரி சின்ன மரம் போதும். எதிர்ப்பக்கம் புங்கன் வையுங்கள்.

அடுத்து, எந்த அளவுக் கன்று? இலவசமாகக் கிடைக்கிற ஒரு அடிக் கவர் கன்று தோட்டத்துக்கு நல்லது. வீதியில் ஆடு மாட்டுக்கும் பைக் ஸ்டாண்டுக்கும் தப்பாது. ஆறேழு அடிக் கன்றுக்குச் செலவு கூடும், ஆனால் நிற்கும். வாங்கும்போது கவரைப் பிரித்துப் பாருங்கள். வேர் அடியில் வளையம் வளையமாகச் சுருண்டிருந்தால் வேண்டாம். சிலர் ஆல், அரசுக்குப் போத்து, அதாவது வெட்டிய பெரிய கிளையை, நடச் சொல்வார்கள். ஆளுயரத்தில் உடனே துளிர்க்கும் என்பது உண்மை. ஆணிவேர் இருக்காது என்பதும் உண்மை. காற்று அடிக்கிற ஊருக்கு விதைக்கன்றே மேல்.

பராமரிப்பில் இரண்டு வழி பார்த்திருக்கிறேன்: ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விடுவது, வீட்டுக்காரர் அல்லது கடைக்காரரிடம் ஒப்படைப்பது. நெடுஞ்சாலைக்கு முதல் வழியைத் தவிர வேறு இல்லை. ஆனால் நட்ட எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காமல், மூன்றாவது கோடை முடிந்து உயிரோடு நிற்கிற எண்ணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். கடைவீதிக்கு இரண்டாவது வழிதான். டீக்கடைக்காரருக்கு நிழல் வேண்டும், அவர் வாரத்துக்கு இரண்டு குடம் ஊற்றுவார். பக்கக் கிளைகளை முதல் மூன்று நான்கு வருடத்திலேயே கழித்து, ஒற்றைத் தண்டை எட்டடிக்கு மேல் ஏற்றிவிட்டால், பஸ் உரசுகிறது என்று பின்னால் கோடரி வராது. இன்டர்லாக் கல் போடும்போது அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விடச் சொல்லுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே டெல்லிக்குச் சொன்ன அளவு அது, வார்டு மெம்பரிடம் கேட்க அதுவே போதும்.